வெள்ளிக்கிழமைக்கு வராதவர்கள்

வேலு, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பெண்டாட்டியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது, அம்மாவுக்கு நம் மேல் பாசமே போய்விட்டது போலிருக்கிறது என்று நீ நினைத்துவிடக் கூடாது. பாசம் போயிருந்தால் இந்நேரம் உன் வீட்டுக்குச் சீர்வரிசைத் தட்டோடு கிளம்பியிருப்பேன். சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வந்துவிடுவது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாய். ஒடுகத்தூரில் வீடு பார்த்தாகிவிட்டது, மாடியில் காற்று நன்றாக வருகிறது, பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டோம், நீயும் அப்பாவும் முதல் நாளே வந்துவிடுங்கள் என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். "இன்னாம்மா பார்க்கலாம்? உன் கையாலதான் பால் பொங்கணும்" என்று சிரித்தாய். நான் பச்சையம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "அது முடிஞ்சுபோன கதைம்மா. ஆபீசரே சொல்லிட்டாரு இல்ல? அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். போனை வைத்துவிடலாம். கடிதம் மடித்துப் போட்டாலும் வீட்டில்தானே கிடக்கும், என்றைக்காவது எடுப்பாய். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நீ ஒன்றாம் வகுப்பில் கொண்டுவந்த புத்தகத்தை, நீ விளையாடப் போனதும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். இதை நம் விளக்கு பூஜைப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். அவர்கள் கண்ணெதிரில் நடந்ததுதான், அவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

உனக்கு நம் ஊராட்சியிலேயே செயலர் வேலை கிடைத்தபோது நான் மாரியம்மன் கோயிலில் எத்தனை முறை விழுந்து எழுந்தேன் என்று உனக்குத் தெரியும். நம் மலையில் பிறந்த பிள்ளை, நம் மலை ஆபீசில் உட்காருகிறான். கீழேயிருந்து வருகிறவர்கள் போல வாரத்துக்கு ஒரு நாள் வந்து பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போகமாட்டான். அந்தப் பெருமையில் நானும் கொஞ்சம் தடுமாறினேன், அதையும் எழுதிவிடுகிறேன். ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்த ஒரு நாள், "செயலர் அம்மா வந்துட்டாங்க, வழி வுடுங்க" என்று யாரோ சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் போய் நின்றேன். சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் சொன்னபோது நீயும் சந்தோஷப்பட்டாய். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டோம், அது தப்பான பாடம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அரசாங்கம் கட்டித் தருகிற தொகுப்பு வீட்டுக்குப் பெயர் எடுக்கச் சொல்லிக் கீழேயிருந்து உத்தரவு வந்த அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். நீ மணைப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"எம்மா, மழைக்கு ஒழுவுற வூடு யார் யாருதும்மா? வெரசா அனுப்பணுமாம்."

"நேர்ல போய்ப் பாக்கறதில்லையா?"

"ஒவ்வொரு வூடா ஏறி எறங்கி போட்டோ எடுக்கணும்னுதான் சொல்றாங்க. இந்த மலையில அது ஆவுற காரியமா? உனுக்குத் தெரியாத வூடா? நீ சொன்னா நான் பார்த்த மாதிரிதான்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தித்தித்தது, வேலு. உன் அப்பா சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஆபீஸ் அடுப்பாங்கரைக்கே வந்துடுச்சா? அப்டியே எனுக்கும் ஒரு வூடு எழுதிக்கோ. உன் பாட்டுச் சத்தம் கேக்காத தூரமா பாத்து எழுது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். களி கிண்டும்போது கையை எடுக்க முடியாது, கட்டி தட்டிவிடும். கிண்டிக்கொண்டே நான் பெயர் சொன்னேன், நீ போனில் ஏற்றினாய். சரோஜா வீட்டில் மழை வந்தால் பாயை எங்கே நகர்த்துவாள் என்றுகூடச் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்ன வீடுகள் எல்லாமே ஒழுகுகிற வீடுகள்தான். என் தம்பி வீட்டை வேண்டுமென்றே விட்டேன், அவன் கூரையும் பழையதுதான். சொந்தக்காரனை எழுதிவிட்டாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று விட்டேன். அதை விட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நேர்மை என்றால் அவ்வளவுதான் என்று இருந்தேன்.

நான் சொன்ன பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற பெண்கள். அவர்களோடுதான் நான் உட்காருகிறேன், பாடுகிறேன், அவர்கள்தான் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை என்னிடம் சொல்கிறார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கிற மேல்கொல்லை ஊரிலிருந்து ஒருத்தியும் வரமாட்டாள். அவர்களுக்குப் பக்தி போதாது என்று நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒடுகத்தூர் சந்தை வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். புளியையும் கடுக்காயையும் தலையில் வைத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி நடந்து வந்து, ஜீப்பில் நசுங்கிக்கொண்டு கீழே போய் விற்றால்தான் அவர்கள் வீட்டில் அந்த வாரம் எண்ணெய் உண்டு, உப்பு உண்டு. இருப்பதிலேயே இல்லாதவர்கள் யாரோ அவர்கள்தான் வெள்ளிக்கிழமை இந்த ஊரில் இருக்கமாட்டார்கள். பூஜைக்கு எண்ணெய் எவ்வளவு ஆயிற்று, திரி எத்தனை மீதம் என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிறவள் நான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. இல்லை, புரிகிறது, அதனால்தான் கோபம். பெயர்களைக் கிராம சபையில் வாசித்து, எல்லார் சம்மதமும் வாங்க வேண்டும். "கூட்டம் சேக்க நான் எங்கம்மா அலையறது? வெள்ளிக்கெழமை பூஜை முடிஞ்சதும் யாரையும் எழுந்திருக்க வுடாத, அப்டியே உட்கார வச்சிடு" என்றாய். நானும் கற்பூரம் காட்டி முடித்ததும் சுண்டலைக் கொடுத்து எல்லாரையும் உட்கார வைத்தேன். தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ வாசித்தாய். "யாருக்காச்சும் ஆட்சேபணை கீதா?" என்று கேட்டாய். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? வாசித்த பெயருக்கெல்லாம் சொந்தக்காரிகள்தானே சுண்டல் தின்றுகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தோம்! ஆட்சேபணை சொல்ல வேண்டியவள் அந்த நேரம் சந்தையில் தராசுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷ மழையில் மேல்கொல்லையில் பச்சையம்மா வீட்டு மண்சுவர் விழுந்தது. புருஷன் இல்லாதவள், பெண்ணை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். சுவர் விழுந்ததில் அந்தப் பெண்ணுக்குக் கை முறிந்தது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ மனு எழுதிக் கொடுக்க, அவள் கலெக்டர் ஆபீசு வரை போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். விசாரிக்கக் கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஊராட்சி ஆபீஸ் வாசலில் நாங்கள் எல்லாரும் நின்றோம். பச்சையம்மா ஒரு ஓரமாகப் பெண்ணோடு நின்றாள், அந்தப் பெண்ணின் கையில் மாவுக்கட்டு.

அதிகாரி உன்னைத் திட்டக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்ப்பா, மேல்கொல்லைக்கு நீ போகவே இல்லையா?"

நீ என் பக்கம் கையை நீட்டினாய். "எங்கம்மாதான் சார் பேரு சொன்னாங்க. அவங்களுக்கு ஊர்ல எல்லாரையும் தெரியும்னு நம்பிட்டேன் சார். வெளக்கு பூஜை நடத்தறவங்க சார், தப்பா சொல்லமாட்டாங்கன்னு…"

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒருவன் சத்தமாகக் கேட்டான்: "ஓகோ, அப்போ வெளக்கு ஏத்தினாதான் வூடா? சொல்லியிருந்தா நான் தெனமும் ஏத்தியிருப்பனே!" சிலர் சிரித்தார்கள். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தாள் பாவம். அதிகாரியும் சிரித்துவிட்டு, "சரி, தெரியாம நடந்துடுச்சு. இனிமே நேர்ல போய்ப் பாரு" என்று ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நீ அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது கோயில் மணியை இழுத்து இழுத்து அடித்துக் கயிற்றை அறுத்துவிட்டாய். பூசாரி காதைப் பிடித்ததும், "எங்கம்மாதான் அடிக்கச் சொன்னாங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆமாம் நான்தான் சொன்னேன் என்று பூசாரியிடம் சொன்னேன். அன்றைக்கு அது அழகாக இருந்தது. ஆபீஸ் வாசலில் அதே வார்த்தையைக் கேட்டபோது, அன்றைக்கு ஒரு அடி கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. நான் பெயர் சொன்னது உண்மை. ஆனால் அரசாங்கம் என்னை வேலைக்கு வைக்கவில்லை. அடுப்பங்கரையில் ஒரு பிள்ளை கேட்டான், அம்மா சொன்னேன். அதை வாங்கிக்கொண்டு போய் ஆபீஸ் சங்கதியாக்கியவன் நீ. ஆனதும் அதற்கு என்னைப் பொறுப்பாக்கியவனும் நீ. என்னை நம்பியதாகச் சொன்னாய். நம்பிக்கை என்றா அதற்குப் பெயர்? நடக்கச் சோம்பல்பட்டதற்கு என் பக்தியை எடுத்துப் போர்த்திக்கொண்டாய்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன், பெற்றவள்தானே. அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. பூஜைக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன், மேல்கொல்லைப் பெண்கள் வரிசையாக வந்து உட்காருகிறார்கள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவை கட்டிக்கொண்டு. சந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பச்சையம்மா கடைசியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பாட்டுத் தெரியாது. பக்கத்தில் இருப்பவளின் வாயைப் பார்த்துப் பார்த்துத் தானும் வாயசைத்தாள், கை தட்டினாள். எல்லாம் முடிந்து நான் குங்குமம் கொடுக்கும்போது என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, வூட்டுக்கு எத்தினி வாரம் வரணும்?"

அவள் குத்திக்காட்டவில்லை, வேலு. நிஜமாகக் கேட்டாள். ரேஷனுக்கு எந்தத் தேதி என்று கேட்பது போலக் கேட்டாள். அம்மன் எதிரில், அம்மனுக்கு ஏற்றிய விளக்கின் எதிரில், நான் இத்தனை வருஷம் காத்து வைத்திருந்த ஒன்று அங்கேயே செத்துப்போனது. "யாரும்மா உனுக்கு அப்டிச் சொன்னது?" என்றேன். "ஊரே சொல்லுதே. உன் புள்ளயே அன்னிக்கு சொல்லுச்சே" என்றாள்.

மறுநாள் அவளோடு மேல்கொல்லைக்குப் போனேன். இந்த மலையிலேயே பிறந்து இந்த மலையிலேயே கல்யாணம் ஆனவள், அந்த ஊருக்குள் நான் கால் வைத்ததே சாவுக்கு இரண்டு முறை. விழுந்த சுவருக்கு எதிரில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு குடியிருக்கிறாள். உட்காரச் சொல்லிச் சாக்கை விரித்தாள். சாமைக் கஞ்சி கொடுத்தாள், குடித்தேன். அந்தப் பெண் இடது கையால் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் முறிந்த கை இன்னும் நேராக நீட்ட வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் பச்சையம்மா முந்திக்கொண்டாள். "உம் புள்ள ஒரு வாட்டி இங்க ஏறி வந்திருந்தா என் வூட்ட மட்டுமா காட்டியிருப்பேன்? அதோ, கண்ணு தெரியாத மனுசன் ஒண்டியா கெடக்குறாரே, அவரு வூட்டத்தான் மொதல்ல காட்டியிருப்பேன். எங்களுக்குள்ள யாருக்கு மோசம்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா?" என்றாள். நான் அந்த மனிதரின் கூரையையும் பார்த்தேன். வானம் தெரிந்தது.

இறங்கி வரும்போது உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உன் கை சுத்தம் என்று எனக்குத் தெரியும். ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தவன் இல்லை நீ. வீடு கிடைத்தவர்கள் தேன் கொண்டுவந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினாய், நான் பார்த்தேன். அதனால்தான் உன்னைக் கெட்டவன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உன்னாலும் நீ செய்தது தப்பு என்று பார்க்க முடியவில்லை. காசு வாங்கினால்தான் தப்பு என்று நீங்கள் எல்லாரும் உங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உட்கார்ந்த இடத்தில் கிடைத்த பெயரை எழுதுவது, வசதியான நாளில் கூட்டம் போடுவது, எதிரில் இருக்கிறவர்களை ஊர் என்று நினைத்துக்கொள்வது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்தப் பெண்ணின் கையைக் காசு முறிக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்கிறீர்கள். ஏறிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தானே, வேலு, உனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

இப்போது உன்னை மாற்றிக் கீழே பெரிய ஆபீசில் மேசை கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஊராட்சி இல்லை, பல ஊராட்சிகளின் சங்கதி உன் கை வழியாகப் போகும் என்கிறாய். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அடுப்பங்கரை இருக்கும், ஒரு நல்ல அம்மா இருப்பாள், ஒரு டீக்கடை இருக்கும், நல்லவனாக ஒரு பையன் வந்து பெயர் கேட்பான். அங்கிருந்து வருகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இங்கே யார் வரவில்லை என்று ஒரு கேள்வி கேள். நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி அவ்வளவுதான். இன்னொன்று. அந்த மேசைக்குப் போனதும் பச்சையம்மா பெயரை மட்டும் எங்கேயாவது சொருகி, "எம்மா, உன் ஆளுக்கு வூடு வாங்கிட்டேன்" என்று போன் பண்ணாதே. உன்னை எனக்குத் தெரியும், அதைத்தான் செய்யப் பார்ப்பாய். செய்தால், பூஜைக்கு வந்ததால்தான் வீடு என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். விளக்கு பூஜையை வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன். பூசாரிக்குக் கோபம். "காலங்காலமா வெள்ளிதானேம்மா?" என்றார். அம்மனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான், சந்தைக்காரனுக்குத்தான் கிழமை என்றேன். மேல்கொல்லைப் பெண்களிடம் வீட்டுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று நானே போய்ச் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியாது. போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். பச்சையம்மா வரவில்லை. சரோஜா எல்லாருக்கும் முன்னால், "என் வூட்ட நிறுத்திடச் சொல்லுங்கக்கா, எனுக்கு ஒறக்கமே வர்ல" என்று அழுதாள். உன்னால் தண்டனை அனுபவிக்கிறவர்களில் வீடு கிடைத்தவளும் இருக்கிறாள்.

நீ செய்ய வேண்டியதை நீயும் செய். அடுத்த கிராம சபைக்கு மலைக்கு வா. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று புதுச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார். அங்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, மேல்கொல்லைக்கு நான் போகவில்லை, போகாமலே எழுதினேன், எங்கம்மா மேல் பழி போட்டேன் என்று சொல். ஒவ்வொரு வீட்டையும் மறுபடி நேரில் பார்க்க வேண்டும் என்று நீயே கேள். வேலைக்கு ஆபத்து வருமா என்று எனக்குத் தெரியாது. வரலாம். வந்தால் நம் கொல்லையில் சாமை விதைக்க இடம் இருக்கிறது, அப்பாவுக்கும் ஒரு கை வேண்டும். நீ வந்து சொல்லும்வரை நான் ஒடுகத்தூருக்கு வரமாட்டேன். பால் உன் பெண்டாட்டி கையாலேயே பொங்கட்டும். அவள் நல்ல பெண், நன்றாகவே பொங்கும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது பூசாரி வழக்கம் போல, "யார் பேருக்கும்மா?" என்றார். நீ பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் உன் பெயரைத் தவிர வேறு பெயர் சொன்னதில்லை. அவரே பாதியைச் சொல்லிவிடுவார். அன்றைக்கு என் வாயில் வரவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவர் மறுபடி கேட்டார். பச்சையம்மாவுடைய பெண்ணின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மணியை எடுத்தார். நீ மலையேறி வந்து, சபையில் நின்று, செய்தவன் என்று உன் பெயரை உன் வாயால் சொல், வேலு. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மனிடம் நான் சொல்கிறேன்.